கை எப்படி இருக்கு?

மனைவியின் கைப்பேசி மறுபடியும் அடித்தபோது பிரேக் சார் பல் தேய்த்துக்கொண்டிருந்தார். குழாயை மூடினார். குளியலறைக் கதவை ஒரு விரல் அகலத்துக்குத் திறந்தார். வாயில் நுரையோடு ஒட்டுக்கேட்பது ஒரு குடும்பஸ்தனுக்கு அழகில்லை என்று அவருக்குத் தெரியும். இருந்தாலும் கேட்டார்.

"இல்லைங்க, இப்ப பரவாயில்லை," என்று மனைவி சொல்லிக்கொண்டிருந்தாள். "கொஞ்சம் கனமா இருக்கு, அவ்வளவுதான்... காய்ச்சலா? அது நேத்தோட போச்சு... தூங்கினேனே, நல்லாத் தூங்கினேன்... இல்லைங்க, நீங்க சொன்ன மாதிரி வலது பக்கமாத்தான் படுத்தேன்."

பிரேக் சார் நுரையை விழுங்கிவிட்டார். அவள் எந்தப் பக்கமாகப் படுத்தாள் என்பது அதே கட்டிலில் படுத்திருந்த அவருக்கே தெரியாத செய்தி.

வாயைக் கொப்பளித்துவிட்டு, ஒன்றும் தெரியாதவர்போல் கூடத்துக்கு வந்தார். "யாரு போன்ல?"

"மருந்துக்கடைக்காரர். கை எப்படி இருக்குன்னு கேட்டார்."

"நேத்து சாயங்காலமும் கேட்டாரே."

"ஆமா. படுக்கப் போறப்பவும் கேட்டார்."

"ஒரு கையைப் பத்தி இவ்வளவு கேட்க என்ன இருக்கு?"

"அக்கறைங்க." அந்தச் சொல்லை அவள் நிறுத்தி நிதானமாகச் சொன்னாள். "வீட்டுக்குள்ள இருக்கிற மனுஷன் ஒரு வார்த்தை கேட்கலை. தெருமுனையில இருக்கிறவர் கேட்கிறார்."

பிரேக் சாருக்குச் சுருக்கென்றது. தொண்டையைச் செருமிக்கொண்டார். "சரி, கை எப்படி இருக்கு?"

"அவரைப் பார்த்துக் காப்பி அடிக்கிறீங்களா?" என்று சொல்லிவிட்டு அவள் துணி ஊறவைக்கப் போய்விட்டாள்.

பிரேக் சார் என்பது மாணவர்கள் வைத்த பெயர். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கும் இரண்டாவது பிரேக்கை நம்பிப் பிழைக்கிற தொழில் அவருக்கு. தேவை இருக்கிறதோ இல்லையோ, மனசு திக்கென்றால் அழுத்திவிடுவார். ஒருவன் ஸ்டியரிங்கில் கை வைக்கிற விதத்தைப் பார்த்தே அவன் மனசுக்குள் என்ன ஓடுகிறது என்று சொல்லிவிடுவேன் என்பது அவர் அடிக்கடி அடித்துக்கொள்ளும் தம்பட்டம். இதுவரை யாரும் சோதித்துப் பார்த்ததில்லை.

மனைவிக்குக் குழந்தைகள் காப்பகத்தில் வேலை. நாள் முழுக்க யாராவது ஒரு பொடிசு அவள் முகத்துக்கு நேராகத் தும்மிக்கொண்டே இருக்கும். அதனால் குளிர்காலம் வருமுன் பருவக் காய்ச்சலுக்குத் தடுப்பூசி போட்டுக்கொண்டுவிடுவாள். மற்ற வருடங்களில் ஆஸ்பத்திரிக்குப் போய் வரிசையில் நிற்பாள். இந்த வருடம் தெருமுனை மருந்துக்கடையின் கண்ணாடியிலேயே 'இங்கே தடுப்பூசி போடப்படும்' என்று ஓர் அட்டை தொங்கியது. பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று அங்கேயே போட்டுக்கொண்டாள். கணவரையும் கூப்பிட்டாள்தான். "எனக்கு வேலை இருக்கு" என்றார் அவர். வேலை ஒன்றும் இல்லை. ஊசி என்றால் அவருக்குப் பாதி உயிர் போய்விடும். கல்யாணமான நாளிலிருந்து அதை மறைத்துக் கௌரவமாகக் குடித்தனம் நடத்தி வருகிறார்.

ஊசி போட்ட அன்று மாலை அவளுக்குக் கை வலித்தது. லேசாகக் காய்ச்சல் அடித்தது, உடம்பு அசதியாக இருந்தது. இதெல்லாம் வரலாம், வந்தாலும் ஒன்றிரண்டு நாளில் தானாகப் போய்விடும் என்று கடைக்காரர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். அவர் சொன்னபடி எல்லாம் போய்க்கொண்டுதான் இருந்தது. அவருடைய போன்தான் போவதாக இல்லை.

அந்தக் கடைக்காரரைப் பற்றி இதுவரை பிரேக் சார் தனியாக ஒன்றும் நினைத்ததில்லை. உயரமான ஆள். வெள்ளைக் கோட்டு, திருத்தமான உப்பு-மிளகுத் தாடி, கோயில் மணியை மெதுவாக அடித்த மாதிரி ஒரு குரல். தெருவில் யாருக்கு ரத்த அழுத்தம், யாருக்கு அஜீரணம் என்று தலைகீழாகச் சொல்லக்கூடியவர். இப்போது யோசித்துப் பார்த்தால் அந்த உயரம், அந்தத் தாடி, அந்தக் குரல் எல்லாமே சந்தேகத்துக்கு இடமாக இருந்தன.

'போன வருஷம் நான் மாசக்கணக்கா இருமினேன்,' என்று பிரேக் சார் தமக்குள் வழக்காடினார். 'இருமல் மருந்து அவர்கிட்டதான் வாங்கினேன். சார், இருமல் எப்படி இருக்குன்னு ஒரு போன் உண்டா? இவ கை மட்டும் என்ன உசத்தி?'

அது பொறாமைதான். வேறு பேர் சொல்லி மூடவேண்டியதில்லை. நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே எங்கேயோ உட்கார்ந்துகொண்டு எரிந்தது. அதற்கு அந்தக் கடையில் மருந்து வாங்கவும் முடியாது.

மனைவி குளிக்கப் போயிருந்தபோது போன் மறுபடி அடித்தது. பிரேக் சார் பாய்ந்து எடுத்தார்.

"அவ நல்லா இருக்கா," என்றார், மறுமுனை வாய் திறக்குமுன்பே. "கை நல்லா இருக்கு. கால் நல்லா இருக்கு. தலைமுடிகூட நல்லா இருக்கு. இனிமே நீங்க சிரமப்பட வேண்டாம்."

"அப்படியா சார்?" கடைக்காரர் பெருமூச்சு விட்டது கேட்டது. "ரொம்ப சந்தோஷம் சார். ஆனா... தப்பா நினைக்காதீங்க. ஒரே ஒரு தடவை அவங்க வாயாலேயே கேட்டுட்டேன்னா எனக்கு நிம்மதியா இருக்கும்."

பிரேக் சார் பேச்சைத் துண்டித்து, போனின் சத்தத்தை அணைத்துச் சோபாவின் அடியில் தள்ளிவிட்டார். வெகுநேரம் மனைவி போனைத் தேடினாள். அவரும் சேர்ந்து தேடினார். கடைசியில் அவள் கண்டெடுத்துத் திறந்தபோது, எடுக்காமல் விட்ட அழைப்புகள் வரிசையாக நின்றன. "பாவம், பயந்தே போயிட்டார் போலிருக்கு," என்று அவளே கடைக்காரரைக் கூப்பிட்டாள். அதுவரை அவர்தான் அவளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். இப்போது இவளும் கூப்பிட ஆரம்பித்துவிட்டாள். கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது.

அன்று பத்து மணிக்குத் தையற்காரம்மாவுக்குப் பாடம். வண்டியின் ஆக்சிலரேட்டரைத் தையல் மெஷின் மிதிபோல் நினைத்து, விட்டு விட்டு மிதிப்பார் அந்த அம்மா. பிரேக் சார் அன்றைக்குப் புதிதாக ஒரு பாடம் வைத்தார்.

"இடது பக்கம் திரும்புங்க."

திரும்பினார்.

"மறுபடியும் இடது... இன்னொரு இடது... இங்கேயும் இடதுதான்."

"என்ன சார், சுத்திச் சுத்தி அதே மருந்துக்கடைக்கே வர்றோம்?"

"அடிப்படை பலமா இருக்கணும்மா. மெதுவாப் போங்க. இன்னும் மெதுவா. அந்தக் கடைகிட்ட நடக்கிற வேகம் போதும்."

வேவு பார்ப்பதற்குப் பயிற்சிப் பள்ளி வண்டியைப் போல் மோசமான வாகனம் உலகத்தில் கிடையாது. மேலே மஞ்சள் பலகை, முன்னும் பின்னும் சிவப்பு எழுத்து, போதாக்குறைக்குப் பின்னால் ஹாரன் அடித்துக்கொண்டு ஓர் ஊர்வலம். தெருவே திரும்பிப் பார்த்தது. கடைக்காரர் மட்டும் பார்க்கவில்லை. அவர் கடை வாசலில் நின்று அண்ணாந்து வேறெதையோ பார்த்துக்கொண்டிருந்தார். பிரேக் சாரும் அந்தத் திசையில் பார்த்தார். எதிர்க் கட்டடத்தின் இரண்டாவது மாடி. தம் வீட்டுப் பால்கனி. அங்கே மனைவி இரண்டு கைகளையும் உயர்த்திக் கொடியில் போர்வை காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

கடைக்காரர் நெஞ்சில் கை வைத்தார். கண்ணை மூடினார். அப்புறம், யாரும் பார்க்கவில்லை என்ற தைரியத்தில், தனியாகச் சிரித்துக்கொண்டார்.

பிரேக் சாரின் கால் பிரேக்கில் இறங்கியது. தையற்காரம்மாவின் பை கண்ணாடியில் மோதிப் பொத்தான்கள் சிதறின.

"ஏன் சார், நாய் ஏதாவது குறுக்க வந்துச்சா?"

"வந்துச்சு."

"எங்க? நான் பார்க்கலையே."

"வெள்ளைக் கோட்டு போட்டிருந்துச்சு," என்றார் பிரேக் சார் பல்லைக் கடித்துக்கொண்டு.

இனிப் பொறுப்பதில்லை என்று முடிவு செய்தார். பாடம் முடிந்ததும் வண்டியை ஓரங்கட்டி, தம் போனிலிருந்து கடைக்குக் கூப்பிட்டார். அவர் போட்ட கணக்கு இது: மடியில் கனமிருப்பவனுக்குத்தான் வழியில் பயம். ஊசியால் வம்பு என்று கொஞ்சம் மிரட்டினால், ஆள் அந்தப் பக்கமே தலை வைத்துப் படுக்கமாட்டான்.

"நான் அவ வீட்டுக்காரர் பேசறேன்," என்றார் கனமான குரலில். "அவளால கையைத் தூக்கவே முடியலை. எல்லாம் உங்க ஊசியாலதான்."

மறுமுனையில் ஏதோ கண்ணாடிப் பாட்டில் கீழே விழுந்தது. அதன் பிறகு யாரோ ஓடுகிற சத்தம்.

பிரேக் சார் திருப்தியோடு வீட்டுக்கு நடந்தார். படியேறியபோது தம் வீட்டுக் கதவு திறந்திருப்பதைப் பார்த்தார். உள்ளே கடைக்காரர் நின்றிருந்தார். மூச்சு இரைத்தது, நெற்றியெல்லாம் வியர்வை, கையில் துண்டில் சுற்றிய ஐஸ் பை.

"தூக்குங்க மேடம்," என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். "பயப்படாம, முடிஞ்ச வரைக்கும்."

மனைவி கையைத் தூக்கினாள். மேலே தூக்கினாள், பக்கவாட்டில் தூக்கினாள், பின்னால் கொண்டுபோய் முதுகைச் சொறிந்தும் காட்டினாள்.

"இன்னொரு தடவை, மேடம்."

"எத்தனை தடவை வேணும்னாலும் தூக்கறேங்க. நல்லாத்தான் இருக்கு. காலையில இருந்து பாதித் துணி துவைச்சுட்டேன். தூக்க முடியலைன்னு யார் சொன்னது?"

இரண்டு பேரும் ஒரே சமயத்தில் வாசலைப் பார்த்தார்கள். பிரேக் சார் செருப்பைக் கழற்றுவதில் மும்முரமாக இருந்தார்.

"கொஞ்சம் முந்தி... தூக்கலை," என்றார் தரையைப் பார்த்து. "நான் பார்த்தப்போ கீழேதான் தொங்கிட்டிருந்துச்சு."

கடைக்காரர் கோபப்படவில்லை. அதுதான் பிரேக் சாருக்கு இன்னும் கோபமாக இருந்தது. கிட்டே வந்து, குரலைத் தாழ்த்தி, "சார், இதை வேற யார்கிட்டயாவது சொன்னீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

மனைவி அவரை உட்காரவைத்து டீ போட்டுக் கொடுத்தாள். பூப்போட்ட நல்ல கோப்பையில் கொடுத்தாள். பிரேக் சாருக்கு எப்போதும் காது உடைந்த கோப்பைதான். கடைக்காரர் டீ குடித்து முடிக்கும்வரை ஐஸ் பையை யார் வைத்திருப்பது என்று தெரியாமல், அதுவும் பிரேக் சார் கைக்கே வந்து சேர்ந்தது.

யாரிடமாவது சொன்னீர்களா என்று எவன் கேட்பான்? ஒளிக்க ஏதோ இருக்கிறவன்தான் கேட்பான். பிரேக் சாருக்கு ஐஸ் பிடித்த விரல் விறைத்தது.

சாப்பாடு முடிந்ததும் வேறு வழியில் இறங்கிப் பார்த்தார். கழுத்துவரை போர்த்திக்கொண்டு கட்டிலில் படுத்து, அடுக்களைக்குக் கேட்கிற அளவுக்கு முனகினார்.

"என்னங்க ஆச்சு?"

"உடம்பெல்லாம் அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு. கை வலி. காய்ச்சல். உன்கிட்டேர்ந்துதான் ஒட்டிக்கிச்சு."

"ஊசி எனக்கு. காய்ச்சல் உங்களுக்கா?"

"பக்கத்துலயே படுத்திருக்கேன்ல?"

"ஊசியால வர்ற காய்ச்சல் ஒட்டாதுங்க. அது என்ன கொட்டாவியா?" என்று சொல்லிக்கொண்டே அவள் தெர்மாமீட்டரை அவர் நாக்கடியில் வைத்தாள். எடுத்துப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். பிறகு, அவர் எதிர்பார்க்காதபடி, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"இத்தனை வருஷமா உங்களுக்கு ஒரு தும்மல் வந்தாலே வெந்நீர், மாத்திரை, போர்வைன்னு நான் பின்னாலேயே ஓடியிருக்கேன். ஓடினதுக்காக வருத்தப்படலை. ஆனா என்னை யாரும் இப்படி வேலை மெனக்கெட்டு, எப்படி இருக்கேன்னு கேட்டதில்லை. கேட்டா நல்லா இருக்குங்க. அவ்வளவுதான் விஷயம்."

பிரேக் சார் போர்வையை மூக்குவரை இழுத்துக்கொண்டார். வெட்கமாக இருந்தது. அவள் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. வெட்கத்தோடு நிறுத்தியிருந்தால் அவர் தப்பித்திருப்பார். ஆனால் 'கேட்டா நல்லா இருக்கு' என்றபோது அவள் முகத்தில் ஒரு மலர்ச்சி வந்ததே, அதற்குக் காரணம் இன்னொரு ஆள் என்ற நினைப்பு வந்து வெட்கத்தைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளியது.

அப்போதுதான் அவருக்கு அந்த யோசனை உதித்தது. அந்த ஆள் எல்லோரிடமும் இப்படித்தானா, இல்லை இவளிடம் மட்டுமா? தெரிந்துகொள்ள ஒரே வழிதான். தாமும் அதே ஊசியை, அதே கடையில், அதே ஆளிடம் போட்டுக்கொள்வது. தமக்கும் காலையும் மாலையும் போன் வந்தால் கடைக்காரர் யோக்கியன். வராவிட்டால், சாட்சி தம் தோளிலேயே இருக்கிறது.

திட்டம் பிரமாதமாக இருந்தது. நடுவில் ஓர் ஊசி இருக்கிறது என்பது ஒன்றுதான் குறை. சட்டைப் பொத்தானை மாற்றி மாற்றிப் போட்டு, அவிழ்த்து, மறுபடி போட்டார். ஊசிக்குப் பயந்தவனை ஊசி முனைக்கே நடத்திக்கொண்டு போகும் சக்தி பொறாமைக்கு உண்டு. அவர் தெருவைக் கடந்தார்.

கடையில் கூட்டம் இல்லை. பில் போடும் பெண் மாத்திரை அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். அவரைக் கண்டதும் கடைக்காரர் எழுந்து நின்றார். முகம் வெளுத்துவிட்டது.

"மேடத்துக்குக் கை..."

"அவ கையை விடுங்க. எனக்கும் அந்த ஊசியைப் போடுங்க."

"உங்களுக்கா?" கடைக்காரர் எச்சில் விழுங்கினார். "இப்பவேவா? நாளைக்கு வர்றீங்களா சார்?"

'பார்த்தாயா, பின்வாங்குகிறான்,' என்று பிரேக் சார் நினைத்தார். "இப்பவே," என்றார்.

மறைப்புக்குப் பின்னால் ஒரு நாற்காலி. கடைக்காரர் கை கழுவினார். மறுபடியும் கழுவினார். சுவரில் ஒட்டியிருந்த அட்டையைப் பார்த்து உதடு அசைய வாசித்து, ஒவ்வொன்றாகக் கேட்டார்: இன்றைக்குக் காய்ச்சல் உண்டா, முன்பு எந்தத் தடுப்பூசியாவது ஒத்துக்கொள்ளாமல் போனதுண்டா, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்களா. எல்லாவற்றுக்கும் பிரேக் சார் இல்லை என்றார். பதில் சொல்லும்போது அவர் பார்வை முழுக்கக் கடைக்காரரின் விரல்கள்மேல் இருந்தது. விரல்கள் நடுங்கின. நெற்றி வியர்த்தது. மேல் உதட்டைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தார்.

எத்தனை ஸ்டியரிங், எத்தனை கை பார்த்தவர் பிரேக் சார். அவருக்குச் சந்தேகமே இல்லை. இது குற்றவாளியின் கை.

"தோளைத் தளர்த்திக்குங்க சார்," என்றார் கடைக்காரர். யாருடைய குரல் அதிகம் நடுங்கியது என்று சொல்வது கஷ்டம்.

பிரேக் சார் கண்ணை இறுக மூடினார். தரையில் இல்லாத பிரேக்கை வலது காலால் ஓங்கி மிதித்தார். மேல்கையில் எறும்பு கடித்த மாதிரி ஏதோ ஒன்று. இனிமேல்தான் குத்தப் போகிறார் என்று காத்திருந்தார். ஒன்றும் நடக்கவில்லை.

கண்ணைத் திறந்தார். கைமேல் சின்னதாக ஒரு பிளாஸ்திரி. கடைக்காரர் எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து, சுவரில் தலையைச் சாய்த்து, ஒரு செம்புத் தண்ணீரை மடமடவென்று குடித்துக்கொண்டிருந்தார்.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது சார். உங்களுக்கு வலிச்சுதா?"

"இல்லை," என்றார் பிரேக் சார். அவருக்கே அது ஆச்சரியமாக இருந்தது.

"நிஜமாவா? எனக்காகச் சொல்லலையே?" கடைக்காரர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. "கால் மணி நேரம் வெளியே உட்கார்ந்துட்டுப் போங்க சார், தலைசுத்தல் ஏதாவது வருதான்னு பார்க்கணும். உங்க நம்பரை அந்தப் பொண்ணுகிட்ட கொடுத்துடுங்க." சொல்லிவிட்டு, முகம் கழுவ உள்ளே போய்விட்டார்.

பிரேக் சார் பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். போன் அடித்தது. மனைவி.

"பால்கனியில இருந்து பார்த்தேன். ஊசி போட்டுக்கிட்டீங்களா?" என்றாள். "உங்களுக்குத்தான் ஊசின்னா ஆகாதே. கை எப்படி இருக்கு?"

அவளுக்குத் தெரிந்திருக்கிறது. இத்தனை வருடமும் தெரிந்தே இருந்திருக்கிறாள். ஒருவர் நம்மை அப்படிக் கேட்கும்போது எவ்வளவு நன்றாக இருக்கிறது என்று பிரேக் சாருக்கு அப்போதுதான் புரிந்தது.

"லேசா கனமா இருக்கு," என்றார். "உன் கை எப்படி இருக்கு?"

"இப்ப நிஜமாவே கேட்கிறீங்க," என்று சிரித்தாள் அவள். "சீக்கிரம் வாங்க, டீ போடறேன்."

போனை வைத்தபோது நெஞ்சு எரிச்சல் பாதிக்குமேல் தணிந்திருந்தது. ஆனால் மீதி இருந்ததே. வந்த காரியத்தை அரைகுறையாக விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை. பில் போடும் பெண்ணிடம் நம்பரைச் சொன்னார். அவள் குறித்துக்கொண்டபோது, பேச்சுவாக்கில் கேட்பதுபோல் கேட்டார்.

"ஏம்மா, உங்க சார் ஊசி போட்டுக்கிற எல்லாருக்கும் இப்படித்தான் விடாம போன் பண்ணுவாரா?"

அந்தப் பெண் தலையை நிமிர்த்தவே இல்லை. "பண்ணாம இருப்பாரா அண்ணா? பயிற்சியில ரப்பர் கையில குத்திப் பழகினதோட சரி, நிஜ மனுஷக் கையில அவர் போட்ட முதல் ஊசியே அக்காவுக்குத்தான், ரெண்டாவது உங்களுக்கு."